கலத்தின் தூதுவனைக் கண்ட சதர்லாந்து

இருளிலே நாயொன்று குரைத்துப் பாய்ந்தால் நம் நெஞ்சு படபடக்கின்றது. ஓடுவதற்கு வேண்டிய வலு எங்கிருந்தோ வந்து சேர்கின்றது. அவ்வேளையில் அதிரனலின் என்னும் ஓமோன் குருதியிற் கலந்து, ஈரலில் சேமிக்கப்பட்ட கிளைக்கோசனைக் குளுக்கோசாக மாற்றச் செய்கின்றது. ஆயின், கலத்தின் வாயிலிலேயே நின்றுவிடும் அந்த ஓமோன், உள்ளேயிருந்து இம்மாற்றத்தைச் செய்யும் நொதியங்களை எவ்வாறு ஏவுகின்றது? இவ்வினாவுக்கு விடை காண வழிவகுத்தவர் ஏர்ள் சதர்லாந்து.

அவர் 1915ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள பேர்லிங்கேம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். 1930களின் பொருளாதார மந்தத்தால் குடும்பம் நலிவுற்றபோது, மருத்துவமனையொன்றில் பணிபுரிந்தே கல்லூரிக் கல்வியை முடித்தார். 1942இல் சென் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் படை மருத்துவராகப் பணியாற்றித் திரும்பியவர், மருத்துவத் தொழிலா, ஆய்வா எனத் தயங்கினார்; பேராசிரியர் காள் கோரியின் வழிகாட்டலில் ஆய்வையே தேர்ந்தார்.

கலத்தைச் சிதைத்தால் ஓமோன் செயற்படாது என்பதே அக்கால அறிஞர் பலரின் நம்பிக்கை. சதர்லாந்தோ, கிளீவ்லாந்து நகரில் தியடோர் ரால் முதலியோருடன் சேர்ந்து, ஈரற் கலங்களைச் சிதைத்தே ஆராய்ந்தார். சிதைந்த கலச்சவ்வுத் துணிக்கைகளோடு அதிரனலினைச் சேர்த்தபோது புதிய பொருளொன்று உண்டாயிற்று. கொதிக்கவைத்தும் அதன் ஆற்றல் அழியவில்லை; ஆகவே அது வெப்பத்தாற் கெடும் நொதியம் அன்று எனத் தெளிந்தார். வளைய ஏ.எம்.பி. என்னும் சிறு மூலக்கூறே அது. ஓமோன் முதற் தூதுவன். வாயிலிற் கிடைத்த செய்தியை உள்ளே கொண்டுசெல்லும் இம்மூலக்கூறு இரண்டாம் தூதுவன்.

இத்தனை ஓமோன்களுக்கும் ஒரே தூதுவனா எனப் பலர் ஐயுற்றனர். அவர் தளரவில்லை. 1968இல் எட்வின் கிரெப்சின் குழுவினர், இத்தூதுவனால் ஏவப்படும் புரதக் கைனேசு என்னும் நொதியத்தைக் கண்டனர். வளைய ஏ.எம்.பி. வந்து பற்றியதும், அந்நொதியத்தை அடக்கிவைத்திருக்கும் பகுதி விலகுகின்றது. விடுபட்ட நொதியம் வேறு நொதியங்களை ஏவுகின்றது. முடிவிற் கிளைக்கோசன் குளுக்கோசாகின்றது.

1971இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு சதர்லாந்துக்குத் தனியே வழங்கப்பட்டது. 1974 மார்ச் 9ஆம் நாள், தமது 58ஆம் வயதில், மயாமி நகரில் அவர் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே! முடியாதென்று பலர் உரைத்ததைத் தாமே செய்துபார்த்த ஒருவரால் இவ்வறிவு நமக்குக் கிட்டியது. நீங்களும் செய்துபார்த்துத் தெளியுங்கள்.