நாற்காலியோடு தூக்கிப் பார்த்த டாக்டரம்மா

மாண்டிசோரி என்ற பெயரை நம்ம ஊர்ப் பாலர் பள்ளிப் பலகைகளில் பார்த்திருப்பீர்கள். அது ஏதோ பாட முறையின் பெயர் என்றுதான் பலர் நினைக்கிறோம். அது ஒரு மனுஷியின் பெயர்.

மரியா மாண்டிசோரி 1870-இல் இத்தாலியில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், 1896-இல் ரோமில் டாக்டரானார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கைவேலையாலும் பொருள்களாலும் கற்பித்தார். அவர்களில் சிலர் மற்ற பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊரே பாராட்டியது. அவருக்கோ வேறு கவலை. இந்தப் பிள்ளைகளே தேறினால், நல்லா இருக்கிற பிள்ளைகளை நம்ம வகுப்பறை எப்படி அமுக்கி வைத்திருக்கிறது?

1907-இல் ரோமின் ஏழைப் பகுதியான சான் லோரென்சோவில் ஓர் அறை கிடைத்தது. பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கக்கூடாது என்பதுதான் கட்டட உரிமையாளர்களின் கவலை! அங்கேதான் அந்தச் சிறுமியைப் பார்த்தார். மூன்று வயசு இருக்கும். மர உருளைகளை அதனதன் குழியில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். மரியா எண்ண ஆரம்பித்தார். மற்ற பிள்ளைகளைச் சுற்றிலும் பாடவைத்தார். அவள் திரும்பவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்தபின் தானாகவே நிறுத்தி, தூங்கி எழுந்தவள் மாதிரிச் சிரித்தாள்.

பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று சொல்கிற வாத்தியார் முதலில் பேச்சைக் குறைத்துவிட்டுப் பார்க்கட்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது இப்படித்தான். பரிசும் தண்டனையும் அவருடைய வகுப்பிலிருந்து போயின.

ஆனால் சொந்தப் பிள்ளை மாரியோவை அவரால் பக்கத்தில் வைத்து வளர்க்க முடியவில்லை. திருமணமாகாமல் பிறந்த மகன். கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். பதின்ம வயதில்தான் தாயிடம் வந்தான். அப்போதும் வெளியில் உறவுக்காரன் என்றே சொல்ல வேண்டியிருந்தது.

முசோலினியோடு ஒத்துப்போகாமல் நாட்டைவிட்டு வந்த மரியா, 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். முதல் பயிற்சிக்கே சுமார் 300 ஆசிரியர்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கிலேய அரசு மாரியோவை முகாமில் அடைத்தது. மரியாவின் 70-ஆவது பிறந்தநாளுக்கு அரசிடமிருந்து தந்தி வந்தது: மகனை விடுதலை செய்கிறோம் என்று. அதில் மாரியோவை மகன் என்றே எழுதியிருந்தார்கள்.

அதன்பின் இருவரும் கொடைக்கானலிலும் பிள்ளைகளோடு இருந்து பார்த்துப் பார்த்து எழுதினார்கள். 1952-இல் நெதர்லாந்தில் மரியா காலமானபோது மாரியோ பக்கத்தில் இருந்தார்.