வேலூரில் திறந்த கதவு: டாக்டர் ஐடா ஸ்கடர்

மாவனல்லையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் நம் பாடசாலைக்கு வந்து படித்தவர்களில் தாதியர் பயிற்சிக்குப் போனவர்கள் பலர். கண்டியிலும் இரத்தினபுரியிலும் கொழும்பிலும் மூன்று வருடப் பயிற்சியை முடித்து, இன்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கடமையாற்றுகிறார்கள். இந்த நூற்றாண்டு மலரில் அவர்களை நினைக்கும்போது, தமிழ் பேசும் பெண்கள் வைத்தியத்துறைக்குள் நுழையக் கதவு திறந்தவர்களில் ஒருவரின் வாழ்க்கையையும் சொல்வது பொருத்தமாகும். அவர்தான் வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர். பெரிய நோய் வந்தால் வேலூருக்குப் போய் வந்தவர்களை நம் பக்கத்திலும் காணலாம். ஆனால் அந்த ஆஸ்பத்திரி ஒரு பெண்ணின் மனமாற்றத்தில் தொடங்கியது என்பதைப் பலர் அறியார்.

ஸ்கடர் குடும்பத்துக்கு இலங்கையோடு நெருங்கிய தொடர்பு உண்டு. ஐடாவின் பாட்டனார் டாக்டர் ஜோன் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். பண்டத்தரிப்பில் தங்கி வைத்தியம் பார்த்தார். 1836இல் சென்னைக்கு மாறிச் சென்றார். அவருடைய மகன் ஜோன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அவரும் வைத்தியராகி வட ஆர்க்காட்டுப் பகுதியில் பணிசெய்தார். அவரது பிள்ளைகளில் ஒரே பெண்பிள்ளையாக, ஐந்து சகோதரர்களுக்குத் தங்கையாக, 1870 டிசம்பர் 9ஆம் திகதி ராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார்.

ஐடாவின் சிறு வயதில் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பசியால் வாடிய பிள்ளைகளை அவர் நேரில் கண்டார். பின்னர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள நோர்த்ஃபீல்ட் பெண்கள் பாடசாலையில் படித்தார். அங்கு அவர் கலகலப்பான மாணவி. இந்தியாவில் கண்ட வறுமையும் வெயிலும் நோயும் போதும், அமெரிக்காவிலேயே கல்யாணம் முடித்து வசதியாக வாழ வேண்டும் என்பதே அவரது எண்ணம். பரம்பரையாகச் செய்துவந்த தொண்டைத் தானும் செய்ய அவர் விரும்பவில்லை. 1890இல் தாயாருக்குச் சுகமில்லாமற் போனதால் உதவிக்காகத் திண்டிவனம் வந்தார். கொஞ்சக் காலம் இருந்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம்.

அங்கே ஒருநாள் இரவு நடந்த சம்பவம் அவரது வாழ்க்கையை மாற்றியது. முதலில் ஒரு பிராமணர் வந்தார். பிள்ளைப்பேற்றில் துன்பப்படும் தன் இளம் மனைவியைக் காப்பாற்ற வருமாறு ஐடாவிடம் கேட்டார். தனக்கு வைத்தியம் தெரியாது, தகப்பனார்தான் வைத்தியர், அவரை அழைத்துப் போகலாம் என்றார் ஐடா. அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்ப்பதற்கு அவர் சம்மதிக்காமல் திரும்பிப் போனார். அடுத்து ஒரு முஸ்லிம் கணவர் அதே வேண்டுகோளுடன் வந்தார். அவரும் ஆண் வைத்தியரை ஏற்கவில்லை. மூன்றாவதாக இன்னொரு இந்துக் கணவரும் அப்படியே வந்து, அப்படியே போனார். விடிந்ததும் சாவு மேளம் கேட்டது. ஆளனுப்பி விசாரித்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டதாகத் தெரிந்தது.

வைத்தியர் இல்லாமல் அந்த மூன்று பேரும் சாகவில்லை. அனுபவமுள்ள ஒரு வைத்தியர் அதே வீட்டில்தான் இருந்தார். மருந்தும் இருந்தது. பயிற்சி பெற்ற ஒரு பெண் மட்டும் இருக்கவில்லை. அந்தக் கணவர்களைக் குறை சொல்வது இலேசு. ஐடா அதைச் செய்யாமல் அந்த இடைவெளியைத் தானே நிரப்ப முடிவு செய்தார்.

1895இல் ஃபிலடெல்ஃபியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் நியூயோர்க்கிலுள்ள கோர்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்கும் இடம் கொடுத்தபோது அங்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார். அங்கிருந்து வெளியேறிய முதல் பெண்களில் அவரும் ஒருவர். நாடு திரும்பமுன், ஷெல் என்ற வங்கியாளர் காலஞ்சென்ற தன் மனைவியின் பெயரால் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி கட்ட 10,000 டொலர் கொடுத்தார்.

1900இல் வேலூர் வந்த சில மாதங்களில் தகப்பனார் காலமானார். பக்கத்தில் நின்று பழக்குவார் என்று நம்பியிருந்தவரை இழந்த இளம் வைத்தியர் தனித்து நின்றார். புதிய பெண் வைத்தியரிடம் வரவும் ஊர்மக்கள் முதலில் தயங்கினார்கள். பங்களாவின் ஒரு சிறிய அறையே மருந்துச்சாலை. சமையற்காரரின் மனைவிதான் ஆரம்ப உதவியாளர். அப்படியிருந்தும் இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 5,000 நோயாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1902இல் 40 கட்டில்களுடன் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. வர இயலாத கிராமத்தவர்களுக்காக மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் காரிலும் போய் வீதியோரத்தில் நிறுத்தி மருந்து கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வளர வளர ஓர் உண்மை தெளிவானது. வைத்தியர் சத்திரசிகிச்சையை முடித்துவிட்டுப் போய்விடுவார். அதன்பின் இரவும் பகலும் நாடி பார்த்து, காயத்தைச் சுத்தம் செய்து, காய்ச்சல் ஏறுகிறதா என்று கவனித்து, நோயாளியைப் பிழைக்க வைப்பது தாதிதான். எனவே 1909இல் வேலூரில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. டீலியா ஹௌட்டன் என்ற அமெரிக்கத் தாதி ஐடாவுக்குத் துணையாக நின்றார்.

அந்தக் காலத்தில் தாதி வேலைக்கு மகளை அனுப்பக் குடும்பங்கள் தயங்கின. இரத்தமும் மலமும் சலமும் தீட்டு என்று எண்ணப்பட்ட காலம் அது. வேறு சாதியாரின் உடம்பைத் தொட வேண்டும், வீட்டை விட்டு விடுதியில் இருக்க வேண்டும், இரவில் விழித்து வேலை செய்ய வேண்டும். இவற்றையெல்லாம் தாண்டித்தான் ஒரு பிள்ளை பயிற்சிக்கு வரவேண்டியிருந்தது. வந்த பின்னும் படிப்பு இலகுவல்ல. கட்டில் விரிப்பதிலும் நோயாளியைக் குளிப்பாட்டுவதிலும் கருவிகளைக் கொதிக்க வைப்பதிலும் பிழை விடக்கூடாது. பகல் முழுதும் கால் கடுக்க நின்றுவிட்டு மாலையில் உடற்கூறு படிக்க வேண்டும். முதல் மரணத்தைக் கண்ட இரவும் அடுத்த நோயாளிக்கு மருந்து நேரத்துக்குப் போயாக வேண்டும். தாதியர் பயிற்சி பெற்ற நம் சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தாதியருக்கு அடுத்ததாகப் பெண் வைத்தியர்களையும் உருவாக்க ஐடா முயன்றார். மூன்று பேர்கூட விண்ணப்பிக்க மாட்டார்கள், ஆறு பேர் கிடைத்தால் தொடங்கிப் பார்க்கலாம் என்பதே அதிகாரிகளின் எண்ணம். 1918இல் பள்ளி தொடங்கியபோது 151 விண்ணப்பங்கள் வந்தன. இடமில்லாததால் பெரும்பாலானோரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. சேர்த்துக்கொண்ட மாணவிகளுக்கு ஐடாவே உடற்கூறு கற்பித்தார். ஆண் மாணவர்களிலேயே பலர் தவறும் அரசாங்கப் பரீட்சை அது என்றும், முதல் வருடத்தில் யாரும் சித்தியடையாவிட்டாலும் மனம் தளர வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லப்பட்டது. பரீட்சை எழுதிய 14 மாணவிகளும் சித்தியடைந்தார்கள். அவர்கள் 1922இல் வைத்தியர்களாக வெளியேறினார்கள்.

மிகக் கடினமான சோதனை முதுமையில் வந்தது. 1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு பழைய டிப்ளோமாப் படிப்பை நிறுத்தி, இனிப் பட்டப்படிப்பே வேண்டும் என்றது. அதற்குரிய கட்டடமோ ஆய்வுகூடமோ விரிவுரையாளர்களோ வேலூரில் போதுமான அளவு இல்லை. மூடிவிடுவதே வழி என்று பலர் எண்ணினார்கள். எழுபது வயதைக் கடந்த ஐடா 1941இல் அமெரிக்கா சென்று, யுத்த காலத்தில் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். பெண்கள் கல்லூரியாகவே இருக்க வேண்டும் என்று நெடுநாள் ஆதரவாளர்களில் சிலர் பிடிவாதமாக நின்றார்கள். ஆண்களையும் சேர்த்தால்தான் கல்லூரி நிலைக்கும் என்ற நிலை வந்தபோது ஐடா மனவருத்தத்தோடு அதை ஏற்றார். பெண்களுக்காகத் தொடங்கியதைக் காப்பாற்றவே அதன் அமைப்பை மாற்ற இணங்கினார். 1942இல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள்.

1946இல் வேலூர் தாதியர் கல்லூரி பட்டப்படிப்பை ஆரம்பித்தது. அதே வருடம் டில்லியிலும் அவ்வாறான கல்லூரி தொடங்கியது. இந்தியாவில் தாதியருக்குப் பட்டம் கொடுத்த முதற் கல்லூரிகள் இவையே. தாதி என்றால் வைத்தியரின் ஏவலாள் என்ற எண்ணத்துக்கு அது பதிலாக அமைந்தது. அதே வருடம் ஐடா ஓய்வு பெற்றார். கல்யாணம் செய்யாமலே வாழ்ந்த அவர், 1960 மே 24ஆம் திகதி கொடைக்கானலில் தமது 89ஆவது வயதில் காலமானார்.

அன்புள்ள பழைய மாணவிகளே, அந்த இரவு திண்டிவனத்தோடு முடிந்துவிடவில்லை. தோட்டத்து லயத்திலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு வரும் ஒரு தாய், எங்கே வலிக்கிறது என்று தன் மொழியில் சொல்ல ஆளில்லாமல் தவிக்கும்போது அதே இடைவெளி மீண்டும் தெரிகிறது. தலையை மூடிய ஒரு முஸ்லிம் தாய், வார்டில் ஒரு பெண்ணின் முகத்தைத் தேடும்போதும் அது தெரிகிறது. தமிழ் தெரிந்த ஒரு தாதி வார்டில் நின்றால் பாதிப் பயம் போய்விடும்.

ஆகவே உயர்தரம் முடித்த பிள்ளை தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்னால், இரவு வேலை என்று சொல்லி மறிக்காதீர்கள். பயிற்சியை இடையில் விட நினைக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் முதல் வருடம்தான் பாரமானது. ஆங்கிலப் பாடநூல் புரியாது, வீட்டு ஞாபகம் வரும், வார்டில் ஏச்சு விழும். அந்த வருடத்தைக் கடந்து வந்த அக்காமார் நம்மிடையே இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒரு தொலைபேசி அழைப்பு, பழைய பாடக் குறிப்பு, முதல் மாத விடுதிச் செலவுக்கு ஒரு சிறு உதவி போதும். நூறு வருடம் நிறைந்த நம் பாடசாலையின் பழைய மாணவிகள் சங்கம் இதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளலாம். பயிற்சியில் இருக்கும் தங்கை ஒருத்தியின் இலக்கத்தை இந்த விழாவிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.