உயிரின் எழுத்தைப் படித்த கொரானா

பிறந்த மண்ணில் பிழைக்க வழியின்றிப் பிறநாடு சென்று பெரும்புகழ் எய்தியோர் வரிசையில் டாக்டர் ஹர் கோவிந்த் கொரானாவுக்குத் தனியிடம் உண்டு.

இன்று பாகிஸ்தானைச் சேர்ந்த மேற்குப் பஞ்சாபில், ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் 1922-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். ஏறத்தாழ நூறு பேரே வாழ்ந்த அவ்வூரில் எழுத்தறிவு பெற்ற குடும்பம் அநேகமாக அவருடையது ஒன்றே. தந்தையார் நம் பக்கத்துக் கர்ணம் போன்ற கிராமக் கணக்கர். வறுமையிலும் மக்கள் ஐவரையும் படிக்க வைத்தார். மரத்தடிப் பள்ளியில் பாடம் கேட்ட கடைக்குட்டி, லாகூரில் பட்டங்கள் பெற்று, 1945-இல் அரசாங்க உதவிச் சம்பளத்துடன் லிவர்பூல் சென்று, 1948-இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

1949-இல் தாயகம் திரும்பினார். பிறந்த ஊரோ பிரிவினையால் அயல்நாடாகிவிட்டது. தகுந்த வேலையும் கிட்டவில்லை. மீண்டும் கடல் கடந்தார். கேம்பிரிட்ஜ், வான்கூவர், பின் 1960-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் என்று அவர் வாழ்வு நகர்ந்தது.

அந்நாளில் விஞ்ஞானிகளை மயக்கிய புதிர் ஒன்று உண்டு. உயிரணுவிலுள்ள டி.என்.ஏ.வுக்கு ஏ, டி, ஜி, சி என நான்கே எழுத்துக்கள். அதன் ஓர் இழையை அச்சாகக் கொண்டு தூது ஆர்.என்.ஏ. உருவாகிறது. அச்சிழையில் ஏ இருப்பின் தூதில் யு. டி இருப்பின் ஏ. ஜி இருப்பின் சி. சி இருப்பின் ஜி. இத்தூதைப் படித்தே இருபது வகை அமினோ அமிலங்களைக் கோத்து உயிரணு புரதம் சமைக்கிறது. நான்கு எழுத்து இருபதை எங்ஙனம் குறிக்கும்?

கொரானா அச்சிழையைத் தாமே ஆக்கினார். இரசாயன முறையில் சிறு துண்டுகளைச் செய்து, நொதிகளின் துணையால் நீட்டினார். ஏஜிஏஜிஏஜி என்ற இழையிலிருந்து யுசியுசியுசி என்ற தூது பிறந்தது. அதனை இரண்டிரண்டு எழுத்தாகப் படித்தால் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வரும்; மும்மூன்றாகப் படித்தாலோ யுசியு, சியுசி என இரு சொற்கள் மாறி மாறி வரும். விளைந்த புரதத்தில் செரின், லியூசின் என்னும் இரண்டு அமிலங்களும் மாறி மாறியே அமைந்திருந்தன. உயிரின் மொழியில் ஒரு சொல்லுக்கு எழுத்து மூன்று என்பது இவ்வாறு உறுதிப்பட்டது. மூன்றெழுத்துச் சொற்கள் 64-ஐயும் அவர் குழுவினர் ஆக்கிச் சோதித்தனர்.

1968-இல் நிரன்பர்க், ஹாலி ஆகியோருடன் நோபல் பரிசு கொரானாவைச் சேர்ந்தது. மறு ஆண்டே, வேலை தர இயலாத தாயகம் பத்ம விபூஷண் அளித்தது. 1970-இல் மனிதன் ஆக்கிய முதல் மரபணுவையும் அவர் உலகுக்குத் தந்தார். 2011-இல் மறைந்தார்.

நம் முன்னோரும் பிழைப்பு நாடியே இத்திருவனந்தபுரம் வந்தவர்கள். கரமனையிலும் வலியசாலையிலும் வளரும் நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் அச்சிழையைப் பார்த்துத் தூதை எழுதக் கற்கின்றனர். ஏ-க்கு எதிரே யு என்று அவர்கள் எழுதுகையில், மக்கள் ஐவரையும் படிக்க வைத்த அந்த ஏழைக் கணக்கரையும் நினைவூட்டுவோமாக.