ஒளியின் பாதையை ஆராய்ந்த இப்னுல் ஹைதம்

வெள்ளெழுத்துக் கண்ணாடி அணிந்து குர்ஆன் ஷரீஃப் ஓதும் பெரியவர்களை நம் பள்ளிவாசலில் நாள்தோறும் காண்கிறோம். ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போது ஏன் வளைகிறது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முறையாக ஆராய்ந்த அபூஅலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம் அவர்களின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் தருகின்றோம்.

ஹிஜ்ரி 354 (கி.பி. 965) அளவில் இராக்கின் பஸ்ராவில் பிறந்தார். நைல் நதியின் வெள்ளத்தை நெறிப்படுத்த வழியுண்டு என்று அவர் கூறியதைக் கேள்வியுற்ற ஃபாத்திமியா கலீஃபா ஹாக்கிம், அவரைக் கெய்ரோவுக்கு வரவழைத்தார். ஆட்களுடன் தெற்கே அஸ்வான் வரை சென்ற அவர், பண்டை எகிப்தியர் எழுப்பிய மாபெரும் கட்டடங்களைக் கண்டு திகைத்தார். இயலக்கூடிய செயலாயின் இத்தகையோர் அன்றே செய்து முடித்திருப்பர் எனத் தெளிந்து, தம் திட்டம் நிறைவேறாது என்று கலீஃபாவிடம் ஒப்புக்கொண்டார். கலீஃபாவின் சினமோ எப்போது எவர் மீது பாயும் என அறிய இயலாதது. எனவே அவர் பித்தர் போல் நடித்து வீட்டுக்காவலில் வாழ்ந்தார் என்றும், 1021இல் கலீஃபா மறைந்த பின்னரே வெளிவந்தார் என்றும் வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தி எழுதுகிறார். பின்னர் அல்அஸ்ஹர் பள்ளிவாசலருகே தங்கி, கணித நூல்களைப் படியெடுத்து விற்று, அவ்வருவாயில் எளிமையாக வாழ்ந்தார்.

அவரது தலையாய நூல் ஏழு பாகங்கள் கொண்ட கிதாபுல் மனாழிர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தீண்டுவதாலேயே பார்வை உண்டாகிறது என யூக்ளிடும் தாலமியும் கருதினர். கதிரவனை உற்றுநோக்கினால் கண் வலிப்பதை எடுத்துக்காட்டி, ஒளியே வெளியிலிருந்து கண்ணுக்கு வருகிறது என்று இவர் நிறுவினார்.

ஏழாம் பாகம் ஒளிவிலகலைப் பேசுகிறது. பாகை குறித்த செம்புக் கருவியை நீரில் அமிழ்த்தி, ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். அடர்ந்த பொருளில் ஒளியின் வேகம் குறைகிறது. சாய்வாக நுழையும் கதிர் அதனால் செங்குத்துக் கோட்டை நோக்கித் திரும்புகிறது என்பது அவர் கண்ட காரணம். வெளியேறும்போது அதற்கு மாறாகக் கோட்டைவிட்டு விலகும். பரப்பு வளைந்திருப்பின் ஒவ்வொரு கதிரும் வெவ்வேறு சாய்வில் விழுவதால், இணையாக வந்த கதிர்கள் மறுபுறம் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. குவிவில்லையின் இரகசியம் இதுவே.

கண்ணாடிக் கோளம் கதிரவன் ஒளியால் பஞ்சைப் பற்றவைப்பதைத் தனி நூலாகவே ஆராய்ந்தார். கதிர்கள் யாவும் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. ஓரத்துக் கதிர்கள் கோளத்திற்கு அண்மையிலும் நடுக்கதிர்கள் சற்றுத் தொலைவிலும் கூடுகின்றன. ஆயினும் கூடுமிடம் கோளத்தின் விட்டத்தில் கால் பங்குத் தொலைவுக்குள்ளேயே அமைகிறது என்று கணித்தார். தொலைநோக்கி செய்வோரைப் பிற்காலத்தில் பெரிதும் வருத்திய குறை இதுவேயாகும்.

மூக்குக் கண்ணாடியையும் கேமராவையும் அவரே கண்டுபிடித்தார் என்று நம் மேடைகளில் சிலர் முழங்குவதுண்டு. அது சரியன்று. மூக்குக் கண்ணாடி இத்தாலியில் தோன்றியது 13ஆம் நூற்றாண்டின் இறுதியில். விலகலின் துல்லியமான விதியை அவருக்கு முன்பே, 984 அளவில், பக்தாதின் இப்னு ஸஹ்ல் வடிவியலாக வரைந்திருந்தார். இப்னுல் ஹைதமோ அவ்விதியைத் தம் நூலில் பயன்படுத்தவில்லை. கண்ணின் வில்லையே பார்வையை உணர்கிறது என்றும் அவர் எண்ணினார். உருவம் விழித்திரையில் தலைகீழாக விழுகிறது என 1604இல் கெப்ளர் விளக்கினார். கெப்ளரும் இப்னுல் ஹைதமின் நூல்வழி வந்த மரபில் கற்றவரே. அந்நூலின் இலத்தீன் மொழிபெயர்ப்பு 1572இல் பாசல் நகரில் அச்சேறியிருந்தது.

1040 அளவில் அவர் கெய்ரோவில் மறைந்தார். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, அவரது கண்ணாடிக் கோள ஆய்வைக் கையிலெடுத்தார். நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தை மழைத்துளியாகக் கொண்டு, ஒளி உள்ளே நுழைகையில் ஒருமுறையும் வெளியேறுகையில் ஒருமுறையும் விலகி, இடையே ஒருமுறை எதிரொளிப்பதால் வானவில் தோன்றுகிறது எனக் காட்டினார்.