பாலில் மறைந்திருந்த நோயைக் கண்டறிந்த அலிஸ் ஈவான்ஸ்

கால்நடைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் பக்டீரியா நோய்களுள் புருசெல்லோசிஸ் முக்கியமானதாகும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி என மாதக்கணக்கில் மனிதரை வாட்டும் இந்நோய் பசும்பாலினூடாகவும் பரவக்கூடும் என்று எச்சரித்தவர் அமெரிக்க விஞ்ஞானி அலிஸ் ஈவான்ஸ் அம்மையார். அந்த எச்சரிக்கைக்கு உலகம் உடனே செவிசாய்க்கவில்லை என்பதே நாம் இங்கு நினைவுகூர வேண்டிய விடயமாகும்.

1881ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்த அவர், சில காலம் பாடசாலை ஆசிரியையாகப் பணியாற்றிய பின்னரே பல்கலைக்கழகம் சென்றார். 1910இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டம் பெற்று, அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பாற்பண்ணைப் பிரிவில் ஆய்வாளராக இணைந்தார்.

மோல்டா தீவில் காய்ச்சலை ஏற்படுத்திய கிருமியை 1887இல் டேவிட் புரூஸ் இனங்கண்டிருந்தார். அது ஆட்டுப்பால் மூலம் பரவுவதை 1905இல் தெமிஸ்டோகிளஸ் சமிட் கண்டறிந்தார். பசுக்களில் கருச்சிதைவை உண்டாக்கும் கிருமியோ முற்றிலும் வேறானது என்றே அக்காலத்தில் கருதப்பட்டது. இவ்விரு கிருமிகளும் மிக நெருங்கிய உறவுடையவை என்பதை ஈவான்ஸ் 1917இல் அமெரிக்க பக்டீரியாவியலாளர் சங்கத்தில் எடுத்துரைத்தார். அவ்வாறாயின், நோயற்றதாகத் தோன்றும் பசுவின் பச்சைப் பாலும் மனிதருக்கு ஆபத்தானதே.

இம்முடிவைப் பலர் ஏற்க மறுத்தனர். உண்மையாயின் வேறெவரேனும் முன்னரே கண்டிருப்பர் என்பது அவர்களின் வாதம். கலாநிதிப் பட்டம் பெறாத ஒரு பெண்ணின் கூற்று என்பதும் அந்த அலட்சியத்துக்குக் காரணமாயிற்று. புகழ்பெற்ற விஞ்ஞானி தியோபோல்ட் ஸ்மித்தும் ஐயம் எழுப்பினார். பாற்கைத்தொழிலில் ஈடுபட்டோரும் அவரது எச்சரிக்கையை விரும்பவில்லை.

1922இல் ஆய்வுகூடத்திலேயே அக்கிருமி ஈவான்ஸைத் தொற்றியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்நோய் அவரை மீண்டும் மீண்டும் தாக்கியது. நீடித்த இந்நோயைக் கண்டறிவது கடினமாகையால், ஆரம்பத்தில் அவரது வேதனை வெறும் நரம்புத் தளர்ச்சி என்றே ஒதுக்கப்பட்டது. எனினும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை.

இதற்கிடையில் பல நாட்டு ஆய்வாளர்களும் அவரது முடிவை உறுதிப்படுத்தினர். 1928இல், முன்னர் தமது ஆய்வைச் சமர்ப்பித்த அதே சங்கத்தின் முதலாவது பெண் தலைவராக அவர் தெரிவானார். 1930களில் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாச்சராக்க முறை அமெரிக்காவில் பரவலாக நடைமுறைக்கு வந்தது. 1945இல் ஓய்வுபெற்ற அவர், 1975இல் தமது 94ஆவது வயதில் காலமானார்.

பாலைக் காய்ச்சி அருந்துவதும், கன்று ஈனும் அல்லது கருச்சிதைந்த கால்நடைகளைக் கையாளும்போது கையுறை அணிவதும் எளிய காரியங்களே. ஆயினும் அவற்றின் அவசியத்தை நிலைநாட்ட ஒருவர் தமது உடல்நலத்தையே இழக்க நேர்ந்தது. கூறுபவர் யார் என்று பாராது, கூறப்படும் சான்றை ஆராய்ந்திருந்தால் எத்தனையோ பேர் நோயிலிருந்து முன்னரே காக்கப்பட்டிருப்பர். பொதுச் சுகாதாரம் குறித்த எச்சரிக்கைகள் எழும்போதெல்லாம் நாம் மறக்கலாகாத பாடம் இதுவாகும்.