ஜான் மெக்ரே: பாப்பிப் பூவுக்குப் பின்னால் ஒரு ராணுவ டாக்டர்

நவம்பர் மாதத்தில் இங்கிலீஷ் பிரீமியர் லீக் மேட்ச் பார்ப்பவர்கள் கவனித்திருப்பார்கள். வீரர்களின் ஜெர்சியில் திடீரென்று ஒரு சிவப்புப் பூ வந்து உட்கார்ந்திருக்கும். பிரிட்டன் பிரதமரில் தொடங்கி டிவியில் செய்தி வாசிப்பவர் வரை பலரின் சட்டையிலும் அதே பூ. முதல் உலகப் போர் முடிந்த நவம்பர் 11-ஐ ஒட்டி, போரில் இறந்தவர்களின் நினைவாக அணியும் பாப்பிப் பூ அது. நம் சமையலறைக் கசகசாவின் உறவுக்காரச் செடி.

இந்தப் பழக்கத்துக்கு விதை போட்டது பதினைந்தே வரிகள் கொண்ட ஒரு கவிதை. பெயர் ‘இன் ஃப்ளாண்டர்ஸ் ஃபீல்ட்ஸ்’. எழுதியவர் ஜான் மெக்ரே, கனடா ராணுவ டாக்டர். இன்று பலருக்கு இது துக்கத்தின், சமாதானத்தின் கவிதை. ஆனால், எழுதியவர் நினைத்தது அது மட்டும்தானா?

யார் இந்த மெக்ரே?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள குவெல்ஃப் என்ற ஊரில் 1872 நவம்பர் 30-ல் பிறந்தார். ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய குடும்பம். அப்பா டேவிட் மெக்ரே பீரங்கிப் படை அதிகாரி. பையனுக்கும் சின்ன வயசிலேயே பட்டாளத்து ஆசை தொற்றிக்கொண்டது. கூடவே இன்னொன்றும் தொற்றிக்கொண்டது, ஆஸ்துமா. அது கடைசிவரை அவரை விடவில்லை.

டொரன்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1898-ல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். படிக்கும்போதே பத்திரிகைகளில் கவிதைகள் வெளியாகிக்கொண்டிருந்தன. பிறகு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், நவீன மருத்துவக் கல்வியின் முன்னோடியான வில்லியம் ஆஸ்லரிடம் பயிற்சி.

இப்படிப்பட்ட ஒருவர் ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கலாம் இல்லையா? இருக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் போயர் போர் வெடித்ததும் கிளம்பிவிட்டார். அதுவும் டாக்டராக அல்ல, பீரங்கிப் படை அதிகாரியாக. சுமார் ஒரு வருடம் அங்கே சண்டை போட்டார்.

திரும்பி வந்தபின் மான்ட்ரியல் நகரில் நோய்க்கூறியல் நிபுணராகவும் மெக்கில் பல்கலைக்கழக ஆசிரியராகவும் பெயர் வாங்கினார். பேராசிரியர் அடாமியோடு சேர்ந்து எழுதிய நோய்க்கூறியல் பாடநூல் 1912-ல் வெளிவந்தது. நன்றாகக் கதை சொல்வார், விருந்துகளில் அவரைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

41 வயதில் மறுபடியும் போருக்கு

1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியபோது அவருக்கு வயது 41. வீட்டில் இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் பெயர் கொடுத்தார். கனடா பீரங்கிப் படையின் முதல் பிரிகேடில் மருத்துவராக மேஜர் பதவி. நண்பர் ஒருவர் கொடுத்த ‘பான்ஃபயர்’ என்ற குதிரையும் கூடவே கப்பல் ஏறியது.

1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்தின் ஈப்ரு நகரத்துக்கு அருகே ஜெர்மன் படை டன் கணக்கில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. மேற்கு முனையில் நச்சுவாயு பெரிய அளவில் பயன்பட்டது அதுதான் முதல்முறை. அப்போது வாயுவைத் தடுக்கும் முகமூடி நேச நாட்டுச் சிப்பாய்களிடம் இல்லை. கனடா படையில் மட்டும் சுமார் 6,000 பேர் கொல்லப்பட்டோ, காயம்பட்டோ, காணாமலோ போனார்கள். அடுத்த சில நாட்களில் இந்தியாவின் லாகூர் டிவிஷனும் இதே போர்க்களத்தில் இறங்கிப் பெரும் இழப்பைச் சந்தித்தது.

கால்வாய்க் கரையைக் குடைந்து அமைத்த ஒரு பதுங்குகுழிதான் மெக்ரேயின் ஆஸ்பத்திரி. 17 நாட்கள் இரவு பகலாக வேலை. உடையையும் பூட்ஸையும் கழற்றக்கூட நேரமில்லை என்ற நிலையை அம்மாவுக்குக் கடிதத்தில் எழுதினார்.

அந்த மே மாதம்

மே 2-ம் தேதி குண்டு ஒன்று லெப்டினன்ட் அலெக்சிஸ் ஹெல்மரின் உயிரைப் பறித்தது. வயது 22. மெக்ரேவுக்கு நெருங்கிய நண்பர். மதகுரு வேறு இடத்தில் இருந்ததால், அடக்கத்தின்போது ஜெபம் சொல்லும் பொறுப்பு டாக்டர் தலையில் விழுந்தது. நினைவிலிருந்தே சொல்லி முடித்தார். கல்லறை மேல் ஒரு மரச்சிலுவை நட்டார்கள்.

மறுநாள் மெக்ரே அந்தக் கவிதையை எழுதினார் என்று சொல்லப்படுகிறது. சுற்றிலும் பாப்பிப் பூக்கள். பாப்பி விதை மண்ணுக்குள் பல வருடம் உறங்கிக் கிடக்கும், மண்ணைக் கிளறிவிட்டால் முளைக்கும். அங்கே மண்ணைக் கிளறியது குண்டுகளும் சவக்குழி தோண்டிய மண்வெட்டிகளும்தான்.

கவிதையில் பேசுவது உயிரோடு இருப்பவர்கள் அல்ல, இறந்துபோன சிப்பாய்கள். முதல் இரண்டு பகுதிகளில் பூவும் பறவையும் இழந்த வாழ்க்கையும் வருகின்றன. மூன்றாவது பகுதியில் தொனியே மாறுகிறது. பகைவரோடான சண்டையைத் தொடரும்படி இறந்தவர்கள் உயிரோடிருப்பவர்களிடம் கேட்கிறார்கள்.

லண்டனின் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழ் கவிதையைத் திருப்பி அனுப்பியது. ‘பஞ்ச்’ இதழ் 1915 டிசம்பர் 8-ல், கவிஞர் பெயர் போடாமல் வெளியிட்டது. கொஞ்ச நாளிலேயே போரில் இருந்த நாடுகள் முழுக்கப் பரவியது.

தேர்தலுக்கும் கடன் பத்திரத்துக்கும்

அந்த மூன்றாவது பகுதிதான் அரசாங்கத்துக்குப் பிடித்துப்போனது. 1917-ல் கனடா போர்க்கடன் பத்திரம் விற்றபோது, விளம்பரங்களில் இந்தக் கவிதையின் வரிகளும் பாப்பிப் பூவும் இடம்பிடித்தன. 15 கோடி டாலர் திரட்ட நினைத்தார்கள், 40 கோடி வந்தது. அதே ஆண்டு நடந்த தேர்தலில் கட்டாய ராணுவச் சேவை நாட்டையே இரண்டாகப் பிளந்தது. கியூபெக் மாகாணம் கடுமையாக எதிர்த்தது. ஆதரவுப் பிரசாரத்துக்கு இந்தக் கவிதை உதவியது.

மெக்ரே இதற்கு வருத்தப்பட்டாரா? இல்லை. கட்டாயச் சேவையை அவரும் ஆதரித்தார். 1915 ஜூனில் பீரங்கிப் படையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றியதே அவருக்குக் கோபம். போரை ஜெயிக்க டாக்டர்கள் போதாது, சண்டை போடும் ஆட்கள் வேண்டும் என்று அவர் சொன்னதாகக் கூட இருந்த ஒருவர் பதிவு செய்திருக்கிறார்.

சிரிப்பு தொலைந்த டாக்டர்

பிரான்ஸில் அவர் வேலை பார்த்த கனடா ராணுவ மருத்துவமனை முதலில் கூடாரங்களில் இயங்கியது. போபால் பேகம் நன்கொடையாகக் கொடுத்து, இந்தியாவிலிருந்து கப்பலில் போன தர்பார் கூடாரங்கள் அவை. முன்வரிசைச் சிப்பாய்கள் குளிரில் கிடக்கும்போது தனக்கு மட்டும் எதற்குக் கதகதப்பு என்று, மெக்ரே குளிர்காலத்திலும் கூடாரத்திலேயே தங்கினார். ஆஸ்துமாக்காரர் செய்யக்கூடிய காரியமா அது? உடம்பு கெட்டது. மேலதிகாரிகள் கட்டாயப்படுத்தித்தான் உள்ளே மாற்ற வேண்டியிருந்தது.

பழைய நண்பர்களுக்கு ஆளே மாறிப்போனதுபோல் தெரிந்தார். சிரிப்பும் கதையும் போயே போச்சு. ஆறுதல் பான்ஃபயரும் ‘போனோ’ என்ற நாயும்தான். அக்கம்பக்கத்துக் கிராமங்களில் நெடுநேரம் தனியாகச் சவாரி போவார். ஊரிலிருந்த குழந்தைகளுக்குக் குதிரையே எழுதுவதுபோல் கடிதம் எழுதி, கையெழுத்துக்குப் பதில் குளம்பு அடையாளம் வரைந்து அனுப்புவார்.

1918 ஜனவரியில் பிரிட்டிஷ் முதலாவது படையின் ஆலோசனை மருத்துவராக அவரை நியமித்தார்கள். அதில் உட்காரக் கொடுத்துவைக்கவில்லை. நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் சேர்ந்து தாக்க, ஜனவரி 28-ல் இறந்தார். வயது 45. விமரு ஊரில் நடந்த இறுதி ஊர்வலத்தில் பான்ஃபயரும் நடந்தது. அதன் சேண வளையங்களில் மெக்ரேயின் பூட்ஸ்கள் பின்பக்கம் திருப்பி மாட்டப்பட்டிருந்தன. போர் முடிய இன்னும் ஒன்பது மாதம் இருந்தது.

பூ எப்படி வந்தது?

போர் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, நியூயார்க்கில் மொய்னா மைக்கேல் என்ற அமெரிக்க ஆசிரியை இந்தக் கவிதையைப் படித்தார். இனி எப்போதும் பாப்பிப் பூ அணிவேன் என்று உறுதி எடுத்தார். பிரான்ஸைச் சேர்ந்த அன்னா கெரென், துணியில் செய்த பாப்பிகளை விற்றுப் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் திட்டத்தை நாடு நாடாகக் கொண்டுபோனார். 1921-ல் பிரிட்டனும் கனடாவும் ஏற்றுக்கொண்டன.

எதிர்ப்பும் வந்தது. போரில் கணவரையும் பிள்ளைகளையும் இழந்த பெண்கள் பலர் இருந்த பிரிட்டன் கூட்டுறவு மகளிர் அமைப்பு, 1933-ல் வெள்ளைப் பாப்பியை அறிமுகப்படுத்தியது. இறந்தவர்களை நினைப்போம், ஆனால் இன்னொரு போர் வேண்டாம் என்பதுதான் அதன் அர்த்தம். மெக்ரேயின் மூன்றாவது பகுதிக்குப் பூவாலேயே சொன்ன பதில் என்று இதைப் பார்க்கலாம்.

ஆக, மெக்ரேயை சமாதானத் தூதர் ஆக்கினாலும் தப்பு, போர் வெறியர் என்று ஒதுக்கினாலும் தப்பு. காயம்பட்டவர்களைக் காப்பாற்றத் தன் உடம்பையே கொடுத்தவர் அவர். நண்பனின் சாவு வீணாகக் கூடாது என்றால் போர் தொடர வேண்டும் என்று நம்பியவரும் அவரேதான்.

நண்பர் ஹெல்மரின் கல்லறை பின்னாளில் நடந்த சண்டைகளில் அடையாளமே இல்லாமல் போனது. ஈப்ரு நகரின் மெனின் வாயில் நினைவுச்சின்னத்தில், கல்லறை தெரியாத 54,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களோடு அவர் பெயரும் இருக்கிறது. அதே சுவரில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் உண்டு.