றெனுவாவின் கைகள்

வெண்கட்டி என் கையிலிருந்து நழுவி விழத் தொடங்கிய காலத்தில், என்மீது அன்புகொண்ட மூத்த ஆசிரியர் ஒருவர் ஆறுதலாக ஒரு கதை சொன்னார். பிரான்சு தேசத்தின் பேரோவியர் றெனுவா, முதுமையில் விரல்கள் முடங்கிப்போனபோது தூரிகையைக் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வரைந்தார் என்பதே அக்கதை. கேட்டு வெட்கினேன். அத்தகைய மனிதர் தாங்கியதில் ஆயிரத்தில் ஒரு பங்கையேனும் நான் தாங்கக்கூடாதா என்று என்னையே கடிந்துகொண்டு, வைத்தியரிடம் போகாமல் இரண்டு வருடங்களைக் கழித்தேன். எண்ணெய் பூசினேன், குளிர் பட்டதால் வந்த வாதம் என்று அயலார் சொன்னதை நம்பினேன். இன்று என் வலக்கையின் இரண்டு விரல்கள் நிமிர்வதில்லை. அதன் பின்னரே அந்த ஓவியரின் வரலாற்றை ஒரு நோயாளியின் கண்கொண்டு தேடிப் படிக்கலானேன். படித்தபோது தெரிந்தது, அவர் தூரிகையைக் கட்டிக்கொள்ளவேயில்லை என்பது.

ஓகுஸ்த் றெனுவா 1841 ஆம் ஆண்டு பெப்ரவரி 25 ஆம் நாள் லிமோஜ் நகரிலே ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். லிமோஜ் பீங்கானுக்குப் பேர்போன ஊர். குடும்பம் பாரிசுக்குக் குடிபெயர்ந்தபின், பதின்மூன்றாம் வயதில் அவர் பழகப் புகுந்த தொழிலும் பீங்கான் பாத்திரங்களில் வண்ணந்தீட்டுவதே. இயந்திரம் வந்து அத்தொழிலை விழுங்கியது. அவரோ ஓவியம் பயிலச் சென்று, மொனே, சிஸ்லி, பசீல் என்னும் தோழர்களைப் பெற்றார். 1874 இல் அக்குழுவினர் நடத்திய கண்காட்சியைக் கண்டோர் எள்ளிநகையாடி இட்ட பெயரே அவ்வியக்கத்தின் பெயராக நிலைத்தது. அந்தப் பழங்கதை ஓவியம் பயின்றோர் யாவரும் அறிந்ததே. நான் சொல்லவந்தது அவர் புகழடைந்தபின் நேர்ந்ததை.

1892 ஆம் ஆண்டளவில், ஐம்பதைத் தாண்டிய வேளையில், மூட்டுக்களில் நோவு தலைகாட்டியது. 1897 இல் எஸ்ஸுவா என்னும் கிராமத்தில் துவிச்சக்கரவண்டியிலிருந்து விழுந்து அவர் வலக்கையை முறித்துக்கொண்டார். அவருடைய மகன் ஜான் 1962 இல் வெளியிட்ட வாழ்க்கைநூலில் நோயின் கதை அந்த வீழ்ச்சியிலிருந்தே தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரிந்த விபத்தைக் காரணமாகக் கொள்வது மனித இயல்பு. நான் குளிரைக் குறைகூறியதும் அவ்வாறே. பிற்கால மருத்துவர்களோ அவருடைய நோயை முடக்குவாதம் என்றே கொள்கின்றனர். வீழ்ச்சிக்கு முன்பே அது உள்ளே புகுந்துவிட்டது.

அழற்சி என்ற சொல்லை நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியராகிய செல்சசு அதன் அடையாளங்களாகச் சிவப்பு, வீக்கம், வெம்மை, நோவு என்னும் நான்கையும் எழுதிவைத்தார். காயம் பட்ட இடத்தில் எழும் அழற்சி நமக்குக் காவலன். வேலை முடிந்ததும் தணிந்துவிடும். முடக்குவாதத்திலோ அது தணிவதில்லை. கிருமிகளை எதிர்க்கவேண்டிய சக்தி, மூட்டின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வைப் பகையென்று கருதித் தாக்குகிறது. சவ்வு தடித்துப் பெருகி, குருத்தெலும்பின்மீது படர்ந்து, எலும்பையும் அரிக்கின்றது. தசைநார்கள் நைந்து அறுகின்றன. அங்கே சுரக்கும் இரசாயனப் பொருள்கள் நரம்பு நுனிகளைக் கூர்மையாக்கிவிடுவதால், போர்வை உரசுவதும் நோவாகின்றது. நெடுநாள் நோவுற்ற நரம்பும் மூளையும் அதற்குப் பழகிப்போய், வீக்கம் வடிந்த பின்னும் நோவை உணர்த்திக்கொண்டேயிருப்பதுமுண்டு. ஆங்கில மருத்துவராகிய கரொட் 1859 இலேயே இந்நோய்க்குத் தனிப்பெயர் இட்டிருந்தார். ஆயினும் றெனுவாவின் காலத்து வைத்தியர்களிடம் அதற்கு மருந்து இருக்கவில்லை. பேதிமருந்தும், வலி தணிக்கும் அந்திப்பிரினும், பூர்பொன் முதலிய ஊர்களின் வெந்நீரூற்றுக்களுமே அவருக்குக் கிடைத்தன.

வெம்மை தேடி அவர் தெற்கே போனார். 1907 இல் மத்தியதரைக் கடலோரத்துக் கான் என்னும் ஊரில் முதிய ஒலிவ மரங்கள் நிறைந்த தோட்டமொன்றை, அம்மரங்கள் வெட்டுண்ணாமற் காப்பதற்காகவே வாங்கி, அங்கே வீடுகட்டிக் குடியேறினார். விரல்கள் இளகியிருக்கவேண்டுமென்று காலையிற் சிறு பந்துகளை எறிந்து பிடித்துப் பழகிவந்தார். பந்தைப் பிடிக்கவியலாத நாளும் வந்தது. உடல் மெலிந்தது, வலத்தோள் இறுகியது, விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கின. அவர் ஓயாது சிகரெட் புகைப்பவர். புகையும் இந்நோயைத் தூண்டுமென்று இன்று அறிவோம். அன்று அறிந்தவர் எவருமிலர்.

இனித் தூரிகைக்கு வருவோம். 1915 இல் சாஷா கீத்ரி எடுத்த சலனப்படத்தில் அந்த முதியவர் வரைவதைப் பார்க்கலாம். நான் பலமுறை பார்த்தேன். மகன் குளோட் தூரிகையை எடுத்து, மடங்கிய விரல்களினிடையே வைக்கிறான். விரல்கள் தாமே அதைப் பற்றிக்கொள்கின்றன. கையைச் சுற்றியிருந்த துணி, மெலிந்த தோலைத் தூரிகையின் காம்பு புண்படுத்தாதிருப்பதற்கே, கட்டுவதற்கன்று. நிழற்படங்களில் துணியைக் கண்டவர்கள் கயிற்றைக் கற்பனை செய்துகொண்டனர் போலும். இது சிறு திருத்தமன்றோ என்று கேட்பீர்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கயிற்றால் இறுகக் கட்டிய கை, நோவைப் பொருட்படுத்தாத வீரனின் கை. அதைக் காட்டி எந்த நோயாளியையும் வாய்திறவாமற் செய்துவிடலாம். துணி சுற்றிய கையோ, தன் தோலைப் பேணத் தெரிந்த தொழிலாளியின் கை. பெரிய ஓவியங்களில் எல்லா இடத்துக்கும் கையெட்டாதபோது, உருளைகளில் சுற்றி நகர்த்தக்கூடிய தாங்கியொன்றைச் செய்வித்து, துணியைத் தம் கைக்கு வரச் செய்தார். 1913 முதல் கினோ என்னும் இளஞ்சிற்பியைத் துணைக்கொண்டு, தாம் வழிகாட்ட அவர் கையால் சிற்பங்களும் உருவாக்கினார்.

1912 இல் நடக்கும் வலுவும் நீங்கிற்று. அப்போது வியன்னாவிலிருந்து வந்த வைத்தியர் ஒருவர், சில கிழமைகளில் நடக்கவைப்பதாக உறுதிகூறிச் சத்துணவு கொடுத்துத் தேற்றினார் என்று மகன் எழுதுகிறார். ஒருநாள் வைத்தியர் தூக்கிநிறுத்த, றெனுவா எழுந்து சித்திரத் தாங்கியைச் சுற்றி வந்து மீண்டும் நாற்காலியில் அமர்ந்தார். பின்னர் வைத்தியருக்கு நன்றிகூறி, இனி நடக்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். அந்தச் சில அடிகளுக்கே உள்ள வலிமை முழுவதும் செலவாகிறது. வரைவதற்கு மிஞ்சுவதில்லை என்பது அவர் கணக்கு. இதைப் பொறுமை என்று புகழ்வோருண்டு. எனக்கோ இது, கையிருப்பு எவ்வளவென்று அறிந்த குடும்பத்தலைவன் செலவைத் தீர்மானிப்பதாகவே படுகிறது.

முப்பது வருடங்கள் பிந்திப் பிறந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை. அதே நோயால் வருந்திய இரவுல் டியூஃபி என்னும் ஓவியர், 1950 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குச் சென்று கோர்ட்டிசோன் சிகிச்சை பெற்று மீண்டும் இலகுவாக வரைந்தார். மூன்று வருடங்களில் இறந்துமானார். 1992 இல் லண்டனில் மைனி, ஃபெல்ட்மன் என்னும் இருவர், அழற்சியை மூட்டும் ரி.என்.எப். என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்தை முதன்முதலாக நோயாளர்க்குக் கொடுத்தனர். நான் கிழமைக்கு ஒருமுறை விழுங்கும் மெதோட்ரெக்சேட் அதனினும் எளிய மருந்து. அது என் ஏனைய எட்டு விரல்களையும் காத்துத் தந்திருக்கிறது. அந்த இரண்டு வருடங்களை மட்டும் திருப்பித் தர அதனால் இயலவில்லை.

யுத்தத்தில் அவருடைய மூத்த மைந்தர் இருவரும் காயமுற்றனர். 1915 இல் மனைவி அலீன் காலமானார். அவரோ குளிக்கும் மாதரையும் ரோசாப்பூக்களையும், முன்னெப்போதுமில்லாத செம்மையும் வெம்மையும் ததும்ப வரைந்துகொண்டேயிருந்தார். அப்படங்களில் நோவின் சாயலைத் தேடித் தோற்றேன். 1919 இல் அவரை நாற்காலியோடு தூக்கி லூவ்ர் அரும்பொருட்சாலைக்குக் கொண்டுசென்றனர். தாம் தீட்டிய ஓவியமொன்று அங்கே தொங்குவதைக் கண்டார். இளமையில் தாம் கற்ற பழைய ஆசான்களின் படங்களைக் கூடங்கூடமாகப் பார்த்து, வெரோனேசின் கானாவூர்த் திருமணத்தின் எதிரே அமர்ந்திருந்தார். பின் கான் ஊருக்கு மீண்டு, வரைவதற்கு உட்கார்ந்தார். அவ்வாண்டு டிசெம்பர் 3 ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது.